டிராகுலாவைப் படைத்த பிராம் ஸ்டோக்கர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)

சென்ற ஆண்டு இம்மலருக்கு நான் ஒரு பேய்க்கதை எழுதிக் கொடுத்திருந்தேன். பாழடைந்த பங்களா, நள்ளிரவு, கதவைத் தட்டும் ஓசை, வெள்ளைச் சேலை என்று ஒரு பேய்க்கதைக்கு வேண்டிய எதையும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் மலர்க்குழுவில் இருந்த பேராசிரியர் கதையைத் திருப்பித் தந்துவிட்டார். பேய் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கண்டு அஞ்சுகிறவன் யார் என்றுதான் தெரியவில்லை என்பது அவர் சொன்ன குறை. அவனுக்கு எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டார். பேய்க்கதைக்கு இவையெல்லாம் எதற்கு என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

அந்த விடுமுறையில் பேய்க்கதை எழுதுவதைப் பேராசான் ஒருவரிடமே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். 'டிராகுலா' நாவலை முன்பே படித்திருந்தேன். அதே ஆசிரியர் 1909-இல் எழுதிய 'தி லேடி ஆஃப் தி ஷ்ரவுட்' என்னும் நாவலும் இரத்தக் காட்டேரிக் கதைதான் என்று அறிந்து, ஆவலோடு எடுத்தேன். சவத்துணி போர்த்த சீமாட்டி என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். விளக்கை அணைக்க அஞ்சும்படி இருக்கும் என்று எதிர்பார்த்தவனுக்குப் பாதி நூலிலேயே கொட்டாவி வந்துவிட்டது. 'டிராகுலா'வை எழுதிய கையா இதையும் எழுதியது? இந்த ஐயமே என்னை அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

படுக்கையில் கழிந்த குழந்தைப் பருவம்

பிராம் ஸ்டோக்கர் 1847-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், அயர்லாந்தின் டப்ளின் நகரை அடுத்த கிளான்டார்ஃப் என்னும் கடற்கரைப் பகுதியில் பிறந்தார். ஆபிரகாம் என்பதே முழுப்பெயர்; அதன் சுருக்கமே பிராம். ஏழு குழந்தைகளுள் அவர் மூன்றாமவர். தந்தை டப்ளின் கோட்டை அரசு அலுவலகத்தில் எழுத்தர்.

குழந்தை பிராமுக்கு ஏழு வயது வரை எழுந்து நடக்க இயலவில்லை. இன்னதென்று கண்டறியப்படாத நோய் அவரைப் படுக்கையிலேயே கிடத்தியிருந்தது. அந்நாளில் அவருக்குத் துணை தாயார் சார்லட் சொன்ன கதைகளே. சார்லட் ஸ்லைகோ நகரில் வளர்ந்தவர். 1832-இல் அந்நகரைக் காலரா சூறையாடியபோது அவர் பதினான்கு வயதுச் சிறுமி. உயிர் போகும் முன்பே புதைக்கப்பட்டவர்கள், வெறிச்சோடிய தெருக்கள், நோய்க்கு அஞ்சி ஊருக்குள் எவரையும் விடாத அண்டை ஊரார் ஆகியவற்றையெல்லாம் அவர் நேரில் அறிந்தவர். பிற்காலத்தில் மகன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்நினைவுகளை எழுதியும் கொடுத்தார். செத்தும் சாகாதவர் என்னும் எண்ணம் ஸ்டோக்கரின் நெஞ்சில் விழுந்தது இங்கேதான் என்று கருத இடமுண்டு.

ஏழு வயதுக்குப் பின் நோய் வந்த சுவடே இல்லாமல் நீங்கியது. நோஞ்சான் குழந்தை நெடிய, வலிய இளைஞர் ஆனார். 1864-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தவர் ஓட்டத்திலும் கால்பந்திலும் பரிசுகள் வென்றார். கல்லூரியின் தத்துவக் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். வரலாற்றுக் கழகத்திலும் உயர்ந்த பொறுப்பை வகித்தார். நம் கல்லூரியில் விளையாட்டு விழாவில் ஓடுபவரும் இலக்கிய மன்றத்தில் பேசுபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அவரோ இரண்டுமாக இருந்தார்.

எழுத்தரும் வழிபாட்டாளரும்

படிக்கும்போதே ஸ்டோக்கர் தந்தையின் அடிச்சுவட்டில் டப்ளின் கோட்டையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவருடைய முதல் நூல் பேய்க்கதை அன்று. அயர்லாந்தின் சிறு நீதிமன்றங்களில் எழுத்தர்கள் செய்யவேண்டிய கடமைகளைத் தொகுத்துரைக்கும் அலுவலகக் கையேடு. 1879-இல் வெளிவந்த அந்நூலை இன்று இன்பத்துக்காக எவரும் படிப்பதில்லை. ஆனால் தாள்களை அடுக்கி, தேதியிட்டு, ஒன்றும் விடாமல் குறிக்கும் அந்த எழுத்தர் புத்தி பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அவரிடம் மற்றொரு குணமும் இருந்தது. ஒருவரை வியந்துவிட்டால் முழுதுமாகத் தம்மை ஒப்படைத்துவிடுவார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளில் மயங்கி, 1872-இல் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அனுப்பத் துணிவின்றி நான்கு ஆண்டுகள் மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார். 1876-இல்தான் அஞ்சலில் சேர்த்தார். கவிஞர் அன்போடு மறுமொழி எழுதினார்.

அதே 1876 அவர் வாழ்வின் திருப்புமுனை ஆயிற்று. அக்டோபரில் தந்தை வெளிநாட்டில் இறந்தார். டிசம்பரில் ஹென்றி இர்விங் என்னும் பெரும் நடிகர் டப்ளினில் ஹாம்லெட்டாக நடித்தார். ஸ்டோக்கர் அப்போது 'டப்ளின் ஈவினிங் மெயில்' நாளிதழுக்கு ஊதியம் பெறாமல் நாடக விமர்சனம் எழுதி வந்தார். அவ்விமர்சனத்தைப் படித்த இர்விங் அவரை விருந்துக்கு அழைத்தார். விருந்துக்குப் பின் நடிகர் ஒரு கதைப்பாடலை நடித்துச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோக்கர் உணர்ச்சி மிகுதியால் தன்னிலை இழந்துவிட்டார். தந்தையை இழந்து இரண்டே மாதம் ஆகியிருந்த இளைஞருக்கு வழிபட ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

லைசியம் நாடக அரங்கில்

1878-ஆம் ஆண்டு இலண்டனில் லைசியம் நாடக அரங்கைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட இர்விங், அதை நிர்வகிக்க ஸ்டோக்கரை அழைத்தார். நிலையான அரசு வேலையை உதறிவிட்டு அவர் புறப்பட்டார். அந்த டிசம்பரில் ஃபிளாரன்ஸ் பால்கோம் என்னும் அழகியை மணந்தார். அப்பெண்ணை முன்னர் விரும்பியிருந்தவர் ஆஸ்கார் ஒயில்டு என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்தி. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் பிறந்த ஒரே மகனுக்கு ஸ்டோக்கர் இட்ட முதற்பெயர் இர்விங்!

இருபத்தேழு ஆண்டுகள் இர்விங்கின் நிழலாக அவர் உழைத்தார். கணக்கு வழக்கு, நுழைவுச் சீட்டு, நடிகர்களின் ஊதியம், விருந்தினர் வரவேற்பு, தலைவரின் பெயரில் நாள்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இர்விங் எட்டு முறை அமெரிக்கச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். நாடகக் குழுவையும் காட்சித் திரைகளையும் கடல் கடந்து கொண்டு சேர்க்கும் பாடும் ஸ்டோக்கருடையதே.

இந்த வேலைகளுக்கிடையில் அவர் எத்தகைய மனிதர் என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1882 செப்டம்பரில் தேம்ஸ் ஆற்றில் படகில் சென்றுகொண்டிருந்தபோது ஒரு முதியவர் தற்கொலை செய்துகொள்ள ஆற்றில் குதித்தார். ஸ்டோக்கர் உடனே பின்னால் பாய்ந்து அவரைக் கரைசேர்த்துத் தம் வீட்டுக்கே தூக்கிச் சென்றார். மருத்துவரான தம்பியைக் கொண்டு முயன்றும் அம்முதியவர் பிழைக்கவில்லை. இந்த வீரத்துக்காக அவருக்கு வெண்கலப் பதக்கம் வழங்கப்பட்டது.

1895-இல் இர்விங் 'சர்' பட்டம் பெற்றார். நடிகர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற தமையன் தார்ன்லியும் 'சர்' ஆனார். நடுவில் நின்ற பிராமுக்கு எந்தப் பட்டமும் இல்லை.

ஏழு ஆண்டு உழைப்பு

ஆனால் அவர் வேறொரு வேலையை ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தார். 1890 மார்ச்சில் ஓர் இரத்தக் காட்டேரிக் கதைக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கியிருந்தார். அந்தக் கோடையில் குடும்பத்துடன் விட்பி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றபோது, அவ்வூர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் 1820-இல் எழுதிய நூலைப் புரட்டினார். வல்லாக்கிய மொழியில் டிராகுலா என்றால் சாத்தான் என்று அதன் அடிக்குறிப்பில் கண்டார். அதுவரை வாம்பயர் என்றே பெயரிட்டிருந்த தம் பிரபுவுக்கு டிராகுலா என்று பெயரை மாற்றினார்.

அவர் விட்பியில் செய்தவற்றைப் பார்த்தால் பழைய அலுவலக எழுத்தரே மீண்டும் வந்ததுபோல் இருக்கிறது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களைப் படியெடுத்தார். மீனவர் பேசும் வட்டாரச் சொற்களைப் பட்டியலிட்டார். கடலோரக் காவலரிடம் கப்பல் விபத்துகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். நார்வா துறைமுகத்திலிருந்து வந்த 'டிமிட்ரி' என்னும் ருஷ்யக் கப்பல் 1885-இல் அங்கே கரைதட்டியிருந்தது. நாவலில் அது வார்னா துறைமுகத்திலிருந்து வரும் 'டிமீட்டர்' ஆயிற்று. நார்வாவின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வார்னா! மண்டையில் அடிபட்டவருக்குச் செய்யவேண்டிய சிகிச்சையைத் தமையனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரயில் நேரங்களையும் சரிபார்த்தார். டிரான்சில்வேனியாவுக்கு மட்டும் அவர் வாழ்நாளில் சென்றதே இல்லை. நூல்களைக் கொண்டே அம்மலைநாட்டை எழுதினார்.

மாந்தர்களைப் பற்றிய குறிப்புகளே என்னை மிகவும் ஈர்த்தன. முதலில் அவர் ஒரு துப்பறிவாளர், ஓர் ஓவியர், ஆவி ஆராய்ச்சியாளர் ஒருவர், ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர் என்று பலரை எண்ணியிருந்தார். எழுதி, அடித்து, சிலரை நீக்கி, சிலரை ஒருவராக்கினார். நாடகப் பணி விட்டுவைத்த விடுமுறைகளில், பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் குரூடன் பே கடற்கரையில் இருந்தபடி, எழுதி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 1897 மே மாதம், மஞ்சள் அட்டையுடன், ஆறு ஷில்லிங் விலையில் 'டிராகுலா' வெளிவந்தது.

அந்த ஏழு ஆண்டுகளின் பயனை நூலில் காணலாம். கோட்டைக்குச் செல்லும் ஜொனாதன் ஹார்க்கர் அப்போதுதான் தேர்வில் வென்ற இளம் சட்ட எழுத்தர். வழியில் உண்ட கோழிக்கறியின் செய்முறையை மினாவுக்காகக் குறித்துக்கொள்பவர். அவர் வீட்டையும் அவருக்காகக் காத்திருக்கும் பெண்ணையும் நாம் அறிந்திருப்பதால்தான் கோட்டைக் கதவு பூட்டப்படும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. பிரபுவோ நூலின் பெரும்பகுதியில் கண்ணுக்கே தெரிவதில்லை. அச்சத்தை அவர் தருவதைவிட அஞ்சுகிற மனிதர்களே நமக்குத் தருகிறார்கள். குறையே இல்லாத நூல் என்று சொல்ல வரவில்லை. லூசியை மணக்க விரும்பிய மூவருள் இருவர் வெறும் பெயர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஆயினும் ஹார்க்கர், மினா, பைத்தியக்கார விடுதியில் ஈ பிடிக்கும் ரென்ஃபீல்டு ஆகியோர் மறப்பதற்கரியவர்.

அந்த நெடிய பிரபுவின் நடையிலும் கையசைவிலும் இர்விங்கின் சாயல் உண்டு என்பர் ஆய்வாளர் பலர். பிறரை அன்போடு அழைத்து, தம் பிடிக்குள் வைத்து, அவர்தம் உயிரை உறிஞ்சி வாழும் தலைவரை எழுத, அப்படியொரு பிடிக்குள் இருந்தவரால்தான் முடியும் என்று எனக்கும் தோன்றுகிறது. நாடக உரிமையைக் காப்பதற்காக லைசியம் அரங்கில் அக்கதை ஒருமுறை படித்து நடிக்கப்பட்டது. ஆனால் இர்விங் அந்த வேடத்தை ஏற்கவே இல்லை. தாயார் மட்டும் இந்நூல் மகனுக்குப் பெரும் புகழும் பொருளும் தேடித் தரும் என்று மகிழ்ந்து எழுதினார். புகழ் வந்தது. பொருள் வரவில்லை.

நிழல் மட்டும் எஞ்சியபோது

அடுத்த ஆண்டே இடர்கள் தொடங்கின. 1898-இல் கிடங்கில் தீப்பற்றி, 44 நாடகங்களுக்கான காட்சித் திரைகள் சாம்பலாயின. லைசியம் கைமாறி, 1902-இல் மூடப்பட்டது. 1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபோர்டு நகரில் நடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய இர்விங் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய உயிலில் ஸ்டோக்கருக்கு ஒரு பங்கும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்டோக்கருக்கு வேலை இல்லை, சேமிப்பும் இல்லை. பக்கவாதம் தாக்கியது, பார்வை மங்கியது. அந்நிலையிலும் இர்விங்கைப் பற்றிய நினைவுகளை 1906-இல் இரண்டு பெரும் தொகுதிகளாக எழுதினார். அதில் இர்விங்குக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு வீட்டுச் செலவுக்காகக் கிடைத்ததையெல்லாம் எழுதினார். நாளிதழுக்காக அரசியல்வாதிகளைப் பேட்டி கண்டார். ஆண்டுக்கொரு நூல் என்னும்படி விரைந்து எழுதினார். என்னைக் கொட்டாவி விடச் செய்த நாவல் இந்தக் காலத்தில் பிறந்தது.

அந்நாவலின் தொடக்கம் அருமை. நடுக்கடலில், சவப்பெட்டி வடிவிலான சிறு படகொன்றில், வெள்ளைச் சவத்துணி போர்த்த பெண் நின்றவாறு மிதந்து வருகிறாள். பிறகு கதை நீண்ட உயிலுக்கும் குடும்பக் கடிதங்களுக்கும் தாவுகிறது. ரூபர்ட் என்னும் வீரனுக்குப் பெருஞ்செல்வமும் பால்கன் மலைநாட்டில் ஒரு கோட்டையும் கிடைக்கின்றன. இரவில் நனைந்த சவத்துணியோடு அப்பெண் அவன் சன்னலருகே வந்து, குளிர்காய இடம் கேட்கிறாள். தேவாலயத்தின் நிலவறையில் கண்ணாடி மூடிய கல்லறைக்குள் அவளே கிடப்பதையும் அவன் காண்கிறான். இதுவரை நானும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் படித்தேன்.

ஆனால் அவள் காட்டேரியே இல்லை! தெயுதா என்னும் அவள் அந்நாட்டுத் தலைவரின் மகள். நெடுமயக்கத்தில் கிடந்தவளை இறந்துவிட்டதாகக் கருதிவிட்டனர். அவள் விழித்தெழுந்த பின், அரசியல் காரணங்களுக்காகவே காட்டேரிக் கதை பரப்பப்பட்டது. அதன்பின் துருக்கியர் அவளைக் கடத்துவதும், ரூபர்ட் மீட்பதும், ஆகாய விமானம் பறப்பதும், போர்க்கப்பல் வாங்குவதும், முடிசூட்டு விழாவும், பால்கன் நாடுகளின் கூட்டமைப்பும் என்று அச்சமெல்லாம் அரசிதழாக மாறிவிடுகிறது.

காட்டேரி பொய்யானதுகூட எனக்குப் பெரிய ஏமாற்றம் இல்லை. மனிதர்களும் பொய்யாக இருப்பதே ஏமாற்றம். ரூபர்ட் வலிமை மிக்கவன், செல்வன், அஞ்சாதவன், தவறே செய்யாதவன். அஞ்சாதவனைப் பார்த்து நாம் எப்படி அஞ்சுவது? சவத்துணியைக் களைந்ததும் தெயுதா கணவனுக்குப் பணிந்த பதுமை ஆகிவிடுகிறாள். ஜேனட் அத்தை தீய கனவு காண்பதற்கென்றே படைக்கப்பட்டவர். மலைநாட்டார் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இர்விங்கைப் பற்றிய இரு தொகுதிகளுக்கும் இதற்கும் ஏதோ உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. பிடிக்குள் இருந்தபோது தலைவரின் இருளையும் ஸ்டோக்கரால் எழுத முடிந்தது. தலைவர் மறைந்தபின் வழிபாடு மட்டுமே எஞ்சியது. வழிபடப்படுபவர் சிலை ஆகலாம். கதைமாந்தர் ஆவது கடினம்.

1911-இல் அவர் எழுதிய கடைசி நாவலான 'தி லேர் ஆஃப் தி ஒயிட் வார்ம்' இதைவிடக் குழப்பமானது. ஏழு ஆண்டு உழைத்த கை அதை மூன்று மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடித்தது. அந்த ஆண்டு எழுத்தாளர் உதவி நிதியிடம் விண்ணப்பித்து அவர் 100 பவுன் பெற்றார். இதைப் படித்த இடத்தில் நான் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கொட்டாவி விட்டு, பக்கங்களைத் தள்ளிப் படித்தது நினைவுக்கு வந்தது. நான் கேலி செய்த அந்தப் பக்கங்கள், கண் மங்கிய ஒருவர் வீட்டு வாடகைக்காக எழுதியவை. அதனால் நாவல் நல்ல நாவல் ஆகிவிடாது. ஆனால் என் கேலி நின்றுவிட்டது.

மறைவும் மறுவாழ்வும்

1912 ஏப்ரல் 20 அன்று, தம் 64-ஆம் வயதில், இலண்டனில் பிராம் ஸ்டோக்கர் காலமானார். அவர் இறப்புச் சான்றில் குறிக்கப்பட்ட காரணங்களுள் களைப்பும் ஒன்று. ஐந்து நாள் முன்னர் டைட்டானிக் கப்பல் மூழ்கியிருந்தது. உலகின் கண்ணெல்லாம் கடல்மேல் இருந்தது. 'டைம்ஸ்' நாளிதழ் வெளியிட்ட இரங்கற் குறிப்பு, இர்விங்கைப் பற்றிய நூலே அவர் பெயரை நிலைநிறுத்தும் என்று கணித்தது. அடுத்த ஆண்டு அவருடைய 'டிராகுலா' குறிப்புகள் ஏலத்தில் இரண்டு பவுனுக்குச் சற்று அதிகமான விலைக்குப் போயின. இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகர அருங்காட்சியகம் ஒன்றில் போற்றிக் காக்கப்படுகின்றன.

1922-இல் ஜெர்மனியில் அனுமதியின்றி எடுக்கப்பட்ட 'நோஸ்ஃபெராட்டு' படத்தை எதிர்த்து ஃபிளாரன்ஸ் வழக்காடி வென்றார். 1925-இல் படப்பிரதிகளை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. ஆயினும் சில பிரதிகள் தப்பிப் பிழைத்தன. 1931-இல் பேலா லுகோசி நடித்த படம் வந்தபின் டிராகுலாவை அறியாத நாடே இல்லை என்றாயிற்று. இர்விங்கின் பெயரை இன்று நம்மில் பலர் ஸ்டோக்கரின் வரலாற்றில்தான் முதன்முதலாகப் படிக்கிறோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் பேராசிரியரிடம் சென்று, என் பழைய கதையைத் திருத்தி எழுதப் போவதாகச் சொன்னேன். இந்த மலருக்குள் முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்றேன். இப்போது என்னிடம் ஒரு தனிக் குறிப்பேடு இருக்கிறது. அந்தப் பங்களாவின் காவற்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு என்று அதில் எழுதியிருக்கிறேன். இரண்டு பெண்கள், மூத்தவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. இரவு வேலைக்குப் போகும்போது இளையவள் தூக்குவாளியில் சோறு கட்டித் தருகிறாள். பேய் இன்னும் வரவில்லை.